கலிங்குப் பக்கம் போன படகு

"நல்ல சீட்டு வந்தும் தோத்துட்டேன் டீச்சர்," என்றார் கோதண்டம்.

பெனிட்டா படகுக்குள் தேங்கியிருந்த தண்ணீரைச் சிரட்டையால் அள்ளி ஏரியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவரைவிட இருபது வயது இளையவள்; ஆனாலும் அவருக்குச் சீட்டாட்டம் சொல்லிக்கொடுத்தவள். மலையில் இருந்த கிளப்பின் போக்கர் கோப்பையை நான்கு முறை வென்றவள். ஐந்தாவது வருடம் ஆட வரவில்லை. ஏரியில் படகு விட வந்துவிட்டாள்.

"சொல்லுங்க சார்."

"கையில ரெண்டு நாலு. மேசையில மூணு சீட்டு விரிச்சாங்க. அதுல இன்னொரு நாலு."

"மூணு நாலு. சின்னதுன்னாலும் நல்ல கைதான். மத்த ரெண்டு?"

"ஆட்டின் ஒன்பது. ஆட்டின் பத்து."

சிரட்டை ஒரு கணம் நின்றது.

"டாக்டர் சத்தியசீலன் மட்டும்தான் எதிர்ல. என் பலத்தைக் காட்டிக்கலை. பந்தயம் ஏத்தாம மேசையைச் சும்மா தட்டிட்டு உட்கார்ந்தேன். அவரும் தட்டினார். நாலாவது சீட்டு, ஆட்டின் ராணி. அப்புறம்தான் என் பந்தய வில்லை எல்லாத்தையும் வச்சேன். அவர்கிட்ட அஞ்சு ஆட்டின் சேர்ந்திருந்துச்சு. ஒரே இனத்துல அஞ்சு சேர்ந்தா மூணு நாலு எம்மாத்திரம்?"

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு மாசம் ஆச்சு. கண்ணை மூடினா அந்த ராணிதான். சோறு இறங்க மாட்டேங்குது. இனி சீட்டையே தொட வேணாம்னு தோணுது. நான் என்ன தப்பு பண்ணேன்?"

"ஏறுங்க," என்றாள் பெனிட்டா.

காலைப் பனி ஏரியை மூடியிருந்தது. பத்துத் துடுப்புக்குள் கரை மறைந்தது. பிறகு மரங்கள் மறைந்தன. எது தண்ணீர், எது வானம் என்று தெரியவில்லை.

அவள் துடுப்புகளை உள்ளே இழுத்து வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

படகு தானாகவே நகர்ந்தது. பஞ்சின்மேல் போவதுபோல. கோதண்டத்துக்கு உடம்பே இல்லாததுபோல இருந்தது. பல நாட்களுக்குப் பிறகு மனசு லேசானது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று நினைத்தார்.

எங்கோ ஒரு சத்தம். யாரோ தூரத்தில் அரிசி புடைப்பதுபோல.

மழைக்காலம். ஏரி நிரம்பி, கலிங்கின்மேல் வழிந்து பள்ளத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"டீச்சர், கலிங்குப் பக்கம் போறோம்."

"ம்."

"துடுப்புப் போடட்டுமா?"

"என்ன அவசரம் சார்? நம்ம படகு கெட்டியான படகு."

சத்தம் பெருத்தது. பனி கிழிந்த இடத்தில் தண்ணீர் வளைந்து இறங்குவது தெரிந்தது.

கோதண்டம் துடுப்புகளைப் பாய்ந்து எடுத்தார். ஒரு துடுப்பு நழுவியது, பிடித்துக்கொண்டார். மூச்சு முட்ட வலித்தார். கரை தட்டியபோது உள்ளங்கை இரண்டும் கொப்பளித்திருந்தன.

பெனிட்டா இறங்கி, படகை முளையில் கட்டினாள்.

அடுத்த மாதம், அந்த வருடக் கோப்பைப் போட்டியின் கடைசி மேசை. எதிரே அதே டாக்டர்.

கோதண்டத்தின் கையில் இரண்டு ரெண்டு. விரித்த மூன்றில் ஒரு ரெண்டு. பக்கத்திலேயே கிளாவர் ஏழு, கிளாவர் எட்டு.

அவர் மேசையைத் தட்டவில்லை. தன் முன்னால் இருந்த வில்லைகள் முழுவதையும் நடுவில் தள்ளினார்.

டாக்டர் வெகுநேரம் அவர் முகத்தைப் பார்த்தார். ஜன்னல் வழியே பனி உள்ளே வந்து மேசைமேல் படர்ந்தது.

"பார்க்கிறேன்," என்று அவரும் தள்ளினார்.

மறுநாள் காலை கோதண்டம் ஏரிக்கு வந்தார்.

"என்ன சார், கோப்பை?"

"டாக்டருக்கு."

"அப்ப சீட்டு மறுபடி கைவிட்டுடுச்சா?"

"ஆமா டீச்சர்."

"என்ன சீட்டு வந்துச்சு?"

கோதண்டம் சொல்ல வாயைத் திறந்தார்.

யோசித்தார்.

மீண்டும் யோசித்தார். ஒரு சீட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.