மூடாத வட்டம்

மூன்றாவது பலகையும் போயிற்று. மயில்சாமி அதைத் தூக்கி வந்து ரெஜினாவின் முன்னால் போட்டார். வட்டமாகச் சுற்றி வந்த வெட்டு, புறப்பட்ட இடத்தில் போய்ச் சேராமல் நெல்லளவு விலகி நின்றது.

"இது குழந்தைவேலு வேலைங்க மாஸ்டர். நான் அந்தப் பக்கம் போனதும் என்ற கட்டையில கை வெக்கறான்."

மில் மூடியபின், ஐம்பது வயதில், தன்னைவிடப் பத்து வயது இளைய ரெஜினாவிடம் மரவேலை கற்க வந்தவர் மயில்சாமி. அந்தக் கட்டை அவரே செய்தது. முழ நீள பிளைவுட் பட்டை. ஒரு முனையில் மரத்தை வெட்டும் ரூட்டர் மெஷின், மறுமுனையில் துளைபோட்டு இறக்கிய ஆணி. ஆணியைப் பலகை நடுவில் ஊன்றி மெஷினைச் சுற்றினால் வட்டம் விழ வேண்டும்.

"நீங்க பாத்தீங்களாண்ணா?"

"பாக்கோணுமாங்க? நான் வந்தா பேச்சை நிறுத்தறான். நிறுத்திட்டு சிரிக்கறான். அவனா நானா, இன்னைக்கே சொல்லிருங்க."

எதிர் மேசையில், கூடவே வேலை கற்கும் குழந்தைவேலு உப்புத்தாளைக் கீழே வைத்தார். தன் உளிகளைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார்.

சுற்றுவதிலேயே தெரிகிறதே குற்றம் என்று நினைத்துக்கொண்டார் மயில்சாமி.

ரெஜினா கட்டையை வாங்கி ஆணியை இரண்டு விரலால் அசைத்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"பாருங்க! ஆட்டி வெச்சிருக்கான்!"

"சாயங்காலம் இதை எங்க வெப்பீங்க?"

"அலமாரியிலதானுங்க. ஆனா நான் என்ன ஏமாளியா? தினமும் குறடு போட்டு ஆணியைப் புடுங்கிச் சட்டைப் பையில போட்டுக்குவேன். காலைல வந்து மறுபடி அடிச்சுக்குவேன். அப்படியும் ஆட்டறான் பாருங்க!"

"எத்தனை நாளா புடுங்கறீங்க?"

"வந்த மாசத்துல இருந்துங்க."

குழந்தைவேலுவின் கை உளித்துணியின் மேல் நின்றது.

ரெஜினா பழைய துளைக்குப் பக்கத்தில், அதே அளவுக்கு, புதுத்துளை போட்டார். ஆணியை இறுக்கமாக இறக்கிக் கட்டையை நீட்டினார்.

மயில்சாமி நாலாவது பலகையில் சுற்றினார். வெட்டு வந்து வெட்டோடு சேர்ந்தது. விரலால் தடவிப் பார்த்தார். இன்னொரு தரம் தடவினார். இந்த அம்மாவும் அவன் பக்கமோ என்று ஒரு கணம் தோன்றியது.

மணி ஆறாயிற்று. பழக்கத்தில் கை குறட்டைத் தேடியது. பாதியில் நின்று மாஸ்டரைப் பார்த்தார்.

"அப்புறம் இதை எப்படிங்க பத்திரமா வெக்கறது?"

"குழந்தைவேலு கையில குடுத்துட்டுப் போங்க."