இரட்டை வீட்டு நடு ஜன்னல்

கருவேலங்கோட்டை ராஜா சொக்கேந்திரருக்கு ராணிகள் இரண்டு பேர். ராணிக்கு ஒரு தம்பி வீதம் மைத்துனர்களும் இரண்டு பேர். பெரிய ராணியின் தம்பி மருதப்பன். சின்ன ராணியின் தம்பி உக்கிரப்பெருமாள். ஒருவன் தும்மினால், தனக்கும் அதே தும்மல் வேண்டும் என்று மற்றவன் அடம்பிடிப்பான்.

இவர்களுக்குத் தேரோடும் வீதியில் ராஜா வீடு கட்டினார். சென்னப்பட்டணம் போய் வெள்ளைக்காரர் வீடுகளைப் பார்த்துவிட்டு வந்தவர் ஆயிற்றே! அதே தினுசில் ஒட்டிப்பிறந்த இரட்டை மாடிவீடு எழும்பியது. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரே சுவர். ஆளுக்கு இரண்டு உருண்டைத் தூண். மாடியில் ஆளுக்கு மூன்று ஜன்னல். உச்சியில் இரண்டு வீட்டையும் சேர்த்து ஒரு முக்கோண முகப்பு. விரற்கடை வித்தியாசம் கிடையாது.

கிரகப்பிரவேசத்தன்று மைத்துனர்கள் வீதியில் நின்று ஜன்னல்களை எண்ணினார்கள். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது.

"நடுவில் இருப்பது என்னுடையது!" என்றான் மருதப்பன்.

"கனவு காணாதே, என்னுடையது!" என்றான் உக்கிரப்பெருமாள்.

கொத்தனார் பலவேசம் பதறி ஓடிவந்தார்.

"சாமி, அது ஜன்னலே இல்லை. நடுச்சுவர் வந்து முட்டுகிற இடம். மொட்டையாக விட்டால் மூக்கில்லாத முகம் மாதிரி இருந்தது. அழகுக்காகச் சாந்தில் சட்டமும் மூடிய கதவும் செய்து வைத்தேன். பின்னால் வெறும் செங்கல்தான்."

"அப்படியானால் அது என் செங்கல்!" என்றான் மருதப்பன்.

"செங்கல்லை வைத்துக்கொள். அதன் வழியாக வரும் காற்று எனக்கு!" என்றான் உக்கிரப்பெருமாள்.

தம்பிகளுக்காக அக்காக்களும் முறைத்துக்கொண்டார்கள். இரண்டு ராணிகளின் அடுப்பும் அணைந்தது. மூன்று நாள் அவலைத் தின்ற ராஜா, நான்காம் நாள் சபையில் கொதித்தார். அவர் கண் போய் நின்றது ஆவுடையப்பர் மேல். எந்தச் சிக்கலையும் பேச்சாலேயே அவிழ்ப்பவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"ஆவுடையப்பரே, நாளை தேர். என் மைத்துனர்கள் இருவரும் அந்த நடு ஜன்னலோரம் உட்கார்ந்து தேர் பார்த்தாக வேண்டும். சுவரில் ஒரு செங்கல்கூடப் பெயரக் கூடாது. தவறினால் பொழுது சாய்வதற்குள் நீர் என் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்."

"உத்தரவு, மகாராஜா" என்றார் ஆவுடையப்பர்.

நேரே இரட்டை வீட்டுக்குப் போனார். மருதப்பன் வீட்டு மாடியில் சுவரைத் தட்டினார். செங்கல். உக்கிரப்பெருமாள் வீட்டு மாடியில் தட்டினார். அங்கேயும் செங்கல். இறங்கி வீதிக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பலவேசம், சாரம் கட்டும்!"

மறுநாள் ராஜாவும் ராணிகளும் எதிர்வீட்டு மாடியில் வந்து அமர்ந்தார்கள். பார்த்தால், நடு ஜன்னலுக்கு வெளியே சவுக்குக் கம்பில் சாரம். அதன்மேல் ஒரு பலகை. பலகையில் இரண்டு நாற்காலி. மைத்துனர்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டியபடி, விழுந்துவிடாமல் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னய்யா இது? ஆளை வெளியே உட்கார வைத்திருக்கிறீர்?" என்றார் ராஜா, பக்கத்தில் நின்ற ஆவுடையப்பரிடம்.

"ஜன்னலோரம் என்றுதான் உத்தரவு, மகாராஜா. எந்த ஓரம் என்று உத்தரவாகவில்லை. உள் ஓரத்தில் செங்கல் இருக்கிறது. வெளி ஓரம் காலி."

தேருக்கோ அன்று அவசரமே இல்லை. தெருமுனையில் சக்கரம் பதிந்து நின்றுவிட்டது. சித்திரை வெயில் மைத்துனர்களின் மண்டையைப் பிளந்தது. ஒரு காகம் மருதப்பன் தலைப்பாகையில் இடம் பிடித்தது. மதியத்துக்குமேல் தேர் வந்தபோது, பக்தர்கள் வேண்டுதலுக்கு வீசிய வாழைப்பழங்களில் பாதி சாமியைத் தாண்டிப் போய் உக்கிரப்பெருமாள் முகத்தில் விழுந்தது. எதிர்வீட்டு மாடியில் பெரிய ராணி சிரித்தாள். சின்ன ராணி அவள் தோளில் சாய்ந்து சிரித்தாள்.

"மாமா! எனக்கு இந்த ஜன்னல் வேண்டாம், அவனே வைத்துக்கொள்ளட்டும்!" என்று அலறினான் மருதப்பன்.

"ஐயோ மாமா, என் தலையில் கட்டாதீர்கள்! அவனுக்கே கொடுங்கள்!" என்று அதைவிட உரக்க அலறினான் உக்கிரப்பெருமாள்.

வேண்டும் என்ற சண்டை வேண்டாம் என்ற சண்டையாக மாறியது. ராஜா காதைப் பொத்திக்கொண்டார்.

"போதும்! யாருக்கும் வேண்டாம். ஆவுடையப்பரே, அந்தச் சனியன் பிடித்த ஜன்னலை இந்த நிமிஷமே மூடும்!"

ஆவுடையப்பர் கைகட்டியபடி நின்றார். அசையவில்லை.

"என்ன நிற்கிறீர்? மூடச் சொன்னேனே!"

"மூடிவிட்டேன், மகாராஜா."

ராஜா எதிரே ஜன்னலைப் பார்த்தார். கதவு இறுக்கமாக மூடியிருந்தது. அவர் சிரித்த சிரிப்பில் சாரம் ஆடியதாகப் பலவேசம் பின்னால் சொல்லிக்கொண்டு திரிந்தார். கழுத்து முத்துமாலை ஆவுடையப்பர் கழுத்துக்கு மாறியது. அன்று சாயங்காலம் ராஜா வயிறாரச் சாப்பிட்டார், இரண்டு ராணிகளின் சமையலையும்.