வாயில் நனைந்த முடிச்சு

அந்தக் காலத்தில் மீன்களுக்கு மனிதர் பேச்சு நன்றாகப் புரியும், பதிலும் பேசும். தண்ணீரோரம் நின்று ரகசியம் பேசக் கூடாது என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சேந்தனுக்கு மட்டும்தான் அது மறந்துபோயிற்று.

சேந்தன் கழிமுகத்தில் தூண்டில் போட்டுப் பிழைத்தவன். அவன் மனைவி பூவாடைக்கு அப்போது மசக்கை. கஞ்சி குடித்தால் குமட்டியது, கிழங்கு தின்றால் வெளியே வந்தது. மீன்சாறு ஒன்றுதான் வயிற்றில் தங்கும் என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு நிச்சயம். கேட்டாள். சேந்தன் தலையை ஆட்டிவிட்டுத் தூண்டிலோடு போனான். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தான். மறுநாளும் அதே கதைதான்.

வெறுங்கையைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்கிறானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வந்ததும் மூலையில் உட்கார்ந்து நூல் திரிப்பான். கட்டிய நாளிலிருந்தே அவளைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அவள் கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியது. இந்த ஆளுக்கு நான் இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று என்று நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை, நேரில் கேட்டே விடுவது என்று, நடந்தும் உட்கார்ந்தும் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே பார்த்தால், ஊமைக்கோட்டான் என்று அவள் நினைத்தவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தான். நூலின் நுனியை மடித்து வளையம் விட்டு, தூண்டில் முள்ளை மாட்டுவதற்கான கண்ணி முடிச்சைப் போட்டபடியே பேச்சு.

“நேத்துப் போட்டது ஒத்தச் சுத்து, அவுந்துட்டு. இன்னைக்கு ரெண்டு சுத்து. இடப்பக்கமா இழுத்தா மட்டும் கொஞ்சம் நழுவும். பூவாடைக்கு நேத்தும் கஞ்சி தங்கல. அவ கண்ணு குழி விழுந்துட்டு. அதப் பாத்தா எனக்கு நெஞ்ச அடைக்கி, வார்த்த வரமாட்டேங்கு. அவளுக்கு ஒண்ணுன்னா நான் இருந்து என்ன?”

பாறையடியில் கொடுவா மீன்கள் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தன. தூண்டில் விழுந்தது. ஒரு கொடுவா இரையைக் கவ்வி இடப்பக்கமாக ஒரு இழுப்பு இழுத்தது. முடிச்சு அவிழ்ந்துவிட்டது. சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனது.

பூவாடைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இத்தனை பேச்சையும் மீனுக்குக் கொட்டிவிட்டல்லவா இந்த மனுஷன் வெறும் வாயோடு வீட்டுக்கு வருகிறான்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சேந்தன் திடுக்கிட்டான், ஆனால் பழக்கம் விடுமா? அடுத்த முடிச்சைச் சுற்றிக்கொண்டே, இது எந்தப் பக்கம் நழுவும் என்று சொல்ல ஆரம்பித்தான். இறுக்காத அந்த முடிச்சை அவள் எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

“இதக் கொஞ்சம் கடிச்சிக்கிட்டு இருங்க.”

அவன் கப்சிப் ஆனான். வாயில் ஊறிய எச்சிலில் முடிச்சு நனைந்தது. எடுத்து இழுத்தபோது, காய்ந்த நூலைப் போல உரசித் தேயாமல், வழுக்கிக்கொண்டே போய்ச் சுற்றுமேல் சுற்றாக இறுகியது. இது அவிழாது என்று அவன் விரலுக்குத் தெரிந்தது. வாய் அதைச் சொல்லவில்லை.

அதே கொடுவா வந்தது. இடப்பக்கம் இழுத்தது, வலப்பக்கம் இழுத்தது. கடைசியில் கரைக்கே வந்து சேர்ந்தது.

“எந்தப் பக்கம்னு இந்தத் தடவ சொல்லவே இல்லையே” என்றது மணலில் கிடந்து. சேந்தன் பதில் சொல்ல வாயெடுத்தான். பூவாடை அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கொடுவா அவள் வளையலைப் பார்த்தது, குழிவிழுந்த கண்ணைப் பார்த்தது.

“நீதான் பூவாடையா? இவன் உன்னப் பத்திச் சொன்னதெல்லாம் நாங்கதான் கேட்டோம், சிரிக்கவும் செஞ்சோம். நாங்க கேட்டது போதும் தாயி. இனி நீ கேளு.”

மீன் மனிதரோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

சேந்தனே சாறு வைத்தான். அது அவள் வயிற்றில் தங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று அவள் முகத்தைப் பார்த்தே கேட்டான். கேட்க ஆரம்பித்தவன் அப்புறம் நிறுத்தவில்லை.

அன்று முதல்தான், தூண்டில் போடுகிறவர்கள் முடிச்சை வாயில் வைத்து நனைத்துவிட்டுப் பேசாமல் இறுக்குகிறார்கள். அந்த நேரத்தில் நீங்கள் என்ன கேட்டாலும் பதில் வராது. கோபித்துக்கொள்ள வேண்டாம், அது வீட்டில் இருப்பவளுக்கென்று வைத்திருக்கும் பேச்சு.