'இல்லை' என்று சொன்ன எறும்பு

எறும்புக்கு வாய்ப்பேச்சு இருந்த காலம் அது. அப்போது எறும்பின் தலை கடுகு மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். இப்போது இருக்கிற மீசை கிடையாது. ஒரு வேப்பமரத்தடியில் அவர்களுடைய புற்று இருந்தது. உள்ளேயிருந்து வரும் பேச்சுச் சத்தம் தாங்காமல், அந்தப் பக்கம் போகிற ஓணான் காதைப் பொத்திக்கொண்டுதான் போகுமாம்.

அவ்வளவு பேசியும் அவர்கள் வாயில் வராத சொல் ஒன்று உண்டு. அது 'இல்லை'. சேர்த்து வைத்த இடத்தில் அதைச் சொன்னால் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்று பயம். அதனால் ஓர் அறையில் தானியம் தீர்ந்துபோனால் "நிறைஞ்சிருக்கு" என்பார்கள். தானியம் கூரை முட்டிக் கிடந்தாலும் "நிறைஞ்சிருக்கு"தான். எந்த நிறைவு என்று போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் புற்றில் நுணுக்கி என்று ஓர் எறும்பு இருந்தாள். குஞ்சுகளுக்கு ஊட்டுவது அவள் வேலை. அரிசி நொய் மாதிரி வெள்ளை வெளேரென்று கிடக்கும் குஞ்சுகளில் ஒன்று அவளுக்கு ரொம்பச் செல்லம். வாயருகே எதைக் கொண்டுபோனாலும் அது சந்தோஷமாகத் தலையை ஆட்டும்.

ஒரு ஐப்பசியில் நாலு நாள் விடாமல் மழை. வெளியே இரை தேடப் போக வழியில்லை. குஞ்சுகள் துவண்டுவிட்டன. நுணுக்கியின் செல்லக் குஞ்சு தலையாட்டுவதை நிறுத்திவிட்டது. பொழுது சாய்வதற்குள் தேன் ஊட்டினால்தான் பிழைக்கும். தேன் இருக்கிற இடமோ லேசான இடம் அல்ல. வடக்கறைக்குள் தானிய அறை. தானிய அறைக்குள் உமியறை. அந்த உமியறைக்குள்தான் தேனறை.

"கருமணி, ஓடிப்போய்த் தேன் எடுத்துட்டு வாடி" என்றாள் ராணி. புற்றிலிருந்த எல்லாருக்கும் அவள்தான் ஆத்தா.

கருமணி ஓடினாள். வரவில்லை. பிறகு வெடுக்கி ஓடினாள். அவளும் வரவில்லை.

"தேனைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துட்டாளுங்க. கருமணி நாக்கு எவ்வளவு நீளம்னு நமக்குத் தெரியாதா?" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

நுணுக்கிக்குச் சிரிப்பு வரவில்லை. கருமணியும் அவளும் ஒரே நாளில் முட்டையிலிருந்து வந்தவர்கள். "இந்தத் தடவை நான் போறேன் ஆத்தா" என்றாள்.

வடக்கறை வாசலில் காவலுக்கு நின்றவள் கட்டைத்தலை அக்கா. வாசலை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிய தலை அவளுக்கு.

"அக்கா, உள்ளே எப்படி இருக்கு?"

"நிறைஞ்சிருக்கு."

"கருமணிகிட்டயும் இதைத்தான் சொன்னீங்களா?"

"வேற என்னத்தடி சொல்லச் சொல்றே?" என்றாள் கட்டைத்தலை. ஆனால் நுணுக்கியின் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நுணுக்கி ஒரு கணம் நின்றாள். சுவரில் அறுகம்புல்லின் வேர்கள் மயிரிழை போலத் தொங்கின. இரண்டைக் கடித்து எடுத்தாள். வாசலில் கசிந்திருந்த வேப்பம் பிசினைத் தொட்டு, இரண்டையும் நெற்றியில் ஒட்டிக்கொண்டாள்.

"இதென்னடி மீசை? எந்தக் கூத்துக்கு வேஷம் கட்டுறே?"

"அடுத்த அடி வைக்கத் தரை இருக்கான்னு கேட்டுட்டுப் போறேங்க்கா. வேற ஒண்ணும் இல்..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வடக்கறைக்குள் வேரை நீட்டித் தட்டிப் பார்த்தாள். தரை இருந்தது. காலை வைத்தாள். தானிய அறையிலும் தட்டினாள். அங்கும் தரை இருந்தது. தண்ணீர் கசிந்து கம்பு எல்லாம் ஊறிப் போயிருந்தது. அதைத் தாண்டி உமியறை வாசலுக்கு வந்து ஒரு வேரை நீட்டினாள். எதுவும் தட்டுப்படவில்லை. இன்னொன்றையும் நீட்டினாள். அதிலும் தட்டுப்படவில்லை. தூக்கிய காலை மெல்லப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

கீழே தண்ணீர் வாடை. தண்ணீர் மேல் உமி தரை போலவே பரவி மிதந்தது.

"கருமணி" என்று கூப்பிட்டாள். மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு, காத்திருந்து பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

அவள் ஆத்தாவிடம் வந்து சேர்ந்தபோது, அடுத்து ஓடுவதற்கு இன்னொருத்தி தயாராக நின்றாள். சுறுக்கி என்று பெயர். எல்லாரையும்விட வேகக்காரி.

"எங்கேடி தேன்?" என்றாள் ஆத்தா.

'நிறைஞ்சிருக்கு' என்று சொல்வது ரொம்ப எளிது. நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்ன மறுகணம் சுறுக்கி ஓடிவிடுவாள். நுணுக்கி அவளுடைய கால்களைப் பார்த்தாள்.

"இல்லை" என்றாள்.

சுறுக்கி தூக்கிய காலை அப்படியே நிறுத்தினாள்.

"உமியறை இல்லை ஆத்தா. அதனால தேனறையும் இல்லை. கருமணி இல்லை. வெடுக்கியும் இல்லை."

கூரை இடிந்து தலையில் விழும் என்று எல்லாரும் ஒடுங்கி நின்றார்கள். கூரை விழவில்லை. மேலே வேப்பிலையிலிருந்து மழைநீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

ஆத்தா நுணுக்கியின் பக்கம் திரும்பினாள். பிறகு, பழக்கமில்லாத சொல்லை மெல்ல உருட்டி உருட்டிக் கேட்டாள்: "தேன் இல்லைன்னா... வேற என்ன இருக்கு?"

அந்தப் புற்றில் அதுவரை யாரும் கேட்டிராத கேள்வி அது. இல்லை என்று ஒருத்தி சொன்னால்தானே இன்னொருத்திக்கு அப்படிக் கேட்கத் தோன்றும்?

"தானிய அறையில கம்பு ஊறிக் கிடக்கு ஆத்தா. மென்னா பாலாயிடும்."

கருமணியும் வெடுக்கியும் அந்தக் கம்பைத் தாண்டித்தான் ஓடியிருந்தார்கள். தேன் என்று சொல்லி அனுப்பியதால் கம்பு அவர்கள் கண்ணில் படவில்லை.

எல்லாரும் கூடி மென்று ஊட்டினார்கள். பொழுது சாயும் நேரத்தில் நுணுக்கியின் செல்லக் குஞ்சு, இருக்கிற தெம்பில் ஒரே ஒரு தடவை தலையை ஆட்டியது.

"இனி யாரை எதற்கு அனுப்பினாலும், அது இல்லாட்டி எதை எடுத்துட்டு வரணும்னும் சேர்த்துச் சொல்லித்தான் அனுப்பணும். காவலுக்கு நிக்கிறவ உள்ளதை உள்ளபடி சொல்லணும்" என்றாள் ஆத்தா.

கட்டைத்தலை விசும்பினாள். "உமியறைத் தரை இடிஞ்சுபோனது எனக்குத் தெரியும் ஆத்தா. அவளுங்க கிட்டச் சொல்ல வாய் வரலை. இனிமேலும் வருமான்னு தெரியலை."

"வாய் வராட்டிப் போகுது. நுணுக்கி மாதிரி மீசை ஒட்டிக்கோ. ஒரு மீசை தொட்டா இல்லை. ரெண்டும் தொட்டா உண்டு."

அறுகம்வேரும் வேப்பம் பிசினும் தேடி எல்லாரும் கிளம்பினார்கள். தொட்டே சொல்லப் பழகியதில் நாளடைவில் வாய்ப்பேச்சு மறந்தே போனது. ஓணானும் நிம்மதியாக அந்தப் பக்கம் போய்வந்தது.

சுவரோரம் எதிரெதிரே வருகிற இரண்டு எறும்புகள், எவ்வளவு அவசரமானாலும் ஒரு நொடி நின்று மீசையால் தொட்டுக்கொள்வது அன்றைக்குத் தொடங்கியதுதான். உள்ளே போகிறவள் கேட்கிறாள். வெளியே வருகிறவள் இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போகிறாள்.