கஸ்பார் வள்ளத்துப் பச்சை

பெரியம்மா பக்கத்துல ஒட்டிப் படு. காலை ஆட்டாதே. நான் சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும், இல்லேன்னா பாதியில விட்டுடுவேன்.

ஒரே ஒரு கடற்கரை ஊர்ல, ஒரே ஒரு பச்சை வள்ளம் இருந்துச்சாம். வள்ளத்துக்காரன் பேரு கஸ்பார். அவனுக்கு ஒரு அம்மா, செபஸ்தியம்மா. ஒரு பொண்டாட்டி, மெட்டில்டா. கஸ்பார் கடலுக்குப் போனா அம்மாக்காரி கரையிலயே நிப்பா. எத்தனை வள்ளம் வந்தாலும், தூரத்துல அந்தப் பச்சை தெரிஞ்சாத்தான் வீட்டுக்குப் போய் உலை வைப்பா. ம் சொல்லு.

அப்புறம் ஒரு நாள் காத்து வந்துச்சு, ஹோ...ன்னு. எல்லா வள்ளமும் திரும்புச்சு, பச்சை மட்டும் வரலை. ஒரு மாசம் கழிச்சு அலை ஒரு வள்ளத்தைத் தூக்கி வந்து தொப்புன்னு கரையில போட்டுச்சு. பலகை உடைஞ்சு, பெயிண்ட் மொத்தமும் உரிஞ்சு கிடந்துச்சு. உள்ள யாரும் இல்லை. புருஷன் அடிச்ச ஆணி மெட்டில்டாவுக்குத் தெரியாதா? கிழவிதான் ஒத்துக்கலை. எம்புள்ள வள்ளம் பச்சை, இது யாரு வீட்டு மரமோன்னுட்டா. வெயில்லயே உக்காந்துட்டா. கஞ்சி வேணாம், தண்ணி மட்டும். இப்படியே போனா செத்துருவாங்களேன்னு மெட்டில்டாவுக்குப் பயம். அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த மாமியார் ஒருத்திதான்.

அப்போ அவ என்ன நினைச்சா? மறுபடி பச்சை அடிச்சா மாமி நம்பிருவாங்க, எழுந்து வந்துருவாங்கன்னு நினைச்சா. பைத்தியக்காரி.

வள்ளம் கட்டுற ஓடாவி வந்து டொக் டொக்குன்னு புதுப் பலகை அடிச்சுக் கொடுத்தார். மெட்டில்டா கடையில ஒரு டப்பா பச்சை வாங்கி அடிச்சா. கிழவி திரும்பிப் பார்த்தா, இல்லைன்னா. அது கிளிப் பச்சை.

அப்புறம் எழுத்தெல்லாம் அழிஞ்சு கிடந்த பேர்ப் பலகையைக் கழட்டினா, அதுக்கு அடியில நகம் அளவு பழைய பெயிண்ட் ஒட்டிட்டிருந்துச்சு. அட, கிடைச்சுதேன்னு கடையில அதையே காட்டி வாங்கி, சர்ரு சர்ருன்னு பூசினா. அச்சு அசல் அதே நிறம். கிழவி இல்லைன்னா. இது நேத்துச் செஞ்ச வள்ளம், எம்புள்ள வள்ளம் நாலு வருஷம் வெயில் குடிச்சதுன்னா.

ம் கொட்டு.

மூணாவது தடவை வெள்ளையைக் கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கலக்கினா. சளக் சளக். ஈரத்துல சரியா இருக்கும், காஞ்சா வேற நிறமா நிக்கும். மறுபடி கலக்கு, மறுபடி காய வை. பூசிப் பார்த்தே பதினோரு துண்டுப் பலகை பாழாச்சு. அத்தனை நாளும் அவ அழவே இல்லை, பச்சையைத் தவிர வேற எதையும் நினைக்கலை. கடைசியில காஞ்சப்புறமும் சரியா நின்னுச்சு, அதை வள்ளம் முழுக்கப் பூசினா.

கிழவி பார்த்தா. எழுந்தா. இதான்டி, இதேதான்னு தடுமாறி ஓடி வந்தா. வள்ளத்தைத் தடவினா, சுத்திச் சுத்தி வந்தா. அப்புறம் எட்டி உள்ள பார்த்தா.

"வள்ளம் வந்துடுச்சு. எம்புள்ள எங்கடி?"

பச்சை சேராத வரைக்கும் கிழவிக்குப் பிள்ளை கடல்ல உயிரோட இருந்தான். சேர்ந்த அன்னைக்குத்தான் செத்தான். சேர்த்தது இவ கை. ஐயோ, இதைச் செஞ்சுட்டோமேன்னு அப்பதான் மண்ணுல விழுந்து கதறினா.

அப்புறம் எழுந்து, "மாமி, வாங்க, கஞ்சி குடிக்கலாம்"னா.

கிழவி கூடவே வந்தா. குடிக்கவும் செஞ்சா. மருமக ஆசைப்பட்டது நடந்துச்சு. அன்னையிலேருந்து சாகிற வரைக்கும் அந்தக் கிழவி கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கலை.

கதை கரையேறிடுச்சு, கண்ணை மூடு.