குட்டையைக் குடித்த கூட்டம்

"தண்ணி ஒரு சாண் இறங்கிப் போச்சு, நீ என்னடான்னா யாரை எங்கே உட்கார வைக்கிறதுன்னு நாலு நாளா படிச்சிட்டு வர்றே!"

விரால் மீன் சொன்னது இதுதான். ஓர் எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. இதையே மூன்று முறை சொன்னது. மூன்றாம் முறை வாலால் தண்ணீரை அடித்துக்கொண்டு சொன்னது.

"அதுக்குப் பேர் இருக்கை அமைப்புக்கா!" என்றது கரையில் நின்ற கீரி. மூஞ்சியில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக்கூட நேரமில்லாமல் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தது.

"பேர் எதுவா வேணா இருக்கட்டும். என் பிள்ளைங்களுக்குத் தண்ணி எங்கே?"

விராலின் வயிற்றுக்குக் கீழே நூற்றுக்கணக்கான சிவப்புக் குஞ்சுகள், ஒரு கைப்பிடி மிளகாய் விதையைக் கொட்டியதுபோல மொய்த்துக்கொண்டிருந்தன. பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

கீரி மீன் தின்னாதா என்று கேட்காதீர்கள். நன்றாகத் தின்னும். ஆனால் கோடை முடியும்வரை அந்தக் குட்டையில் யாரும் யாரையும் தொடக் கூடாது என்று காட்டில் ஓர் ஒப்பந்தம் இருந்தது. புலியையும் மானையும் நேருக்கு நேர் உட்கார வைத்து அந்த ஒப்பந்தத்தை முடித்துக் கொடுத்ததே கீரிதான். காட்டில் நாலு பேர் கூட வேண்டுமென்றால் கீரியைத்தான் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு கெட்டிக்காரி.

போன கோடையிலும் இதே சிக்கல் வந்தது. மலையோடையிலிருந்து குட்டைக்கு வரும் கால்வாய் மண் சரிந்து அடைத்துக்கொண்டது. கீரி ஒரே ஓட்டமாகக் காட்டுப்பன்றிகளிடம் போனது. "அண்ணே, வாய்க்கால் அடைச்சிருக்கு, வாங்க!" என்றது. பன்றிகள் வந்து மூக்கால் கிளறின. உச்சிவெயிலுக்கு முன்னே தண்ணீர் வந்துவிட்டது. யாரும் உரையாற்றவில்லை.

பிறகு என்ன வந்தது? மாசி மாதம் நடந்த ஒரு விருந்தில் மான் ஒன்று சிரித்தது. "கீரி கூட்டற கூட்டமா? யார் பேசறாங்கன்னு தெரியாது, எங்கே நிக்கறதுன்னும் தெரியாது!" என்றது. கூட இருந்த மான்களும் சிரித்தன. அது கீரிக்குச் சுருக்கென்று தைத்தது. மலைமேல் கொண்டலாத்திப் பறவை கூட்டம் நடத்துகிறவர்களுக்கென்று பயிற்சி முகாம் வைத்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் கிளம்பிவிட்டது.

கற்றுக்கொள்வது தப்பா? இல்லவே இல்லை. கீரியும் மனம் வைத்துத்தான் கற்றது. வருகிற விருந்தாளியை வாசலிலேயே குளிர்விக்க வேண்டும். பெரியவர்களுக்கு நல்ல இடம் கொடுக்க வேண்டும். பேச்சு நடக்கும்போது குறுக்கே யாரும் வாய் திறக்கக் கூடாது, கேள்வி நேரம் கடைசியில். கொண்டலாத்தி தலைக்கொண்டையை விரித்து விரித்துச் சொன்னதையெல்லாம் கீரி மனப்பாடம் செய்தது. முதல் வகுப்பில் தேறி, சான்றிதழாக ஒரு பலாசு இலையும் வாங்கி வந்தது.

"அக்கா, பன்றிங்களை நான் கூப்பிடத்தான் போறேன்" என்றது கீரி. "ஆனா முறையா கூப்பிடப் போறேன். ஒரு நீர்க் காப்பு மாநாடு!"

"மாநாடு எதுக்குடி? ஓடிப்போய் ஒரு வார்த்தை சொல்லேன்!"

"அது பழைய முறைக்கா. அப்படிச் செஞ்சா ஒரு வேலைதான் நடக்கும். மாநாடு வெச்சா காடே விழிச்சுக்கும்."

"காடு தூங்கட்டும். எனக்குக் கால்வாய் திறந்தா போதும். இந்தத் தண்ணி இன்னும் மூணு நாள்தான் தாங்கும். நான் சேத்துல புதைஞ்சு கிடந்தாவது பிழைச்சுக்குவேன். இதுங்க பிழைக்காது. புரியுதா?"

"மூணாம் நாள் காலையில மாநாடு. மதியம் தண்ணி. சரியா இருக்கும்!"

இப்படிச் சொல்லிவிட்டுக் கீரி ஓடியே போயிற்று. விரால் என்ன செய்யும்? காலா இருக்கிறது, பின்னாலேயே ஓட?

அந்த இரண்டு நாளும் கீரி உட்காரவில்லை. கரிச்சான் குருவியை நாலு திசைக்கும் அனுப்பி அழைப்புச் சொல்லியது. புலிக்கு எந்த நிழல், மானுக்கு எந்தப் புதர் என்று குச்சியால் மண்ணில் கோடு கிழித்தது. கிழித்ததை அழித்தது, மறுபடி கிழித்தது. பாதி இரவில் எழுந்து முயலின் இடத்தை மாற்றியது. தலைமை விருந்தினர் கொண்டலாத்திக்குத் தனிக் கிளை. வேலை செய்யப்போகிற பன்றிகளைக் கௌரவிக்க வேண்டாமா? அவர்களுக்குக் குட்டையின் ஓரத்திலேயே, ஈரமாக, ஜிலுஜிலுவென்று முதல் வரிசை.

மூன்றாம் நாள் விடிந்தது. அழைத்தது நாற்பது பேரை. வந்தது நூற்றிருபது. அழைப்பில் 'குடும்பத்துடன்' என்று கரிச்சான் சொந்தமாகச் சேர்த்துவிட்டது.

கீரி அசரவில்லை. "வெல்கம் டிரிங்க்!" என்று கையைத் தட்டியது.

குரங்குகள் தேக்கிலைத் தொன்னைகளோடு ஓடின. ஆளுக்கு ஒரு தொன்னை தண்ணீர். எங்கிருந்து? வேறு எங்கே இருக்கிறது அந்தக் காட்டில் தண்ணீர்! குட்டையில் மொண்டார்கள், கொடுத்தார்கள், மறுபடி மொண்டார்கள். வெயிலில் நடந்து வந்தவர்கள் ஒரு தொன்னையோடு நிறுத்துவார்களா? இரண்டு யானைகள் தொன்னையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் துதிக்கையையே நேராக விட்டன.

"கீரி!" என்று விரால் கத்தியது. "ஏண்டி கீரி! என்ன பண்றே? இங்கே பாரு!"

கீரி கரையோரம் வந்து குனிந்தது. குரல் தாழ்ந்தது. "அக்கா, தலைமை உரை ஆரம்பிச்சாச்சு. கேள்வி நேரம் கடைசியில."

"எனக்குக் கேள்வி ஒண்ணும் இல்லை! தண்ணி போகுது!"

"அதைத்தான் அவர் பேசறார்!"

உண்மைதான். கொண்டலாத்தி தண்ணீரைப் பற்றித்தான் பேசியது. ஒரு சொட்டுத் தண்ணீர் எவ்வளவு அருமை என்று ஒரு நாழிகை பேசியது. தொண்டை வறளும்போதெல்லாம் ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் பேசியது. கூட்டம் மெய்ம்மறந்து கேட்டது. ஒரு முயல் அழுதேவிட்டது.

முதல் வரிசையில் பன்றிகளுக்குப் பேச்சு ஏறவில்லை. ஆனால் இடம் பிடித்திருந்தது. மெல்ல மெல்ல நகர்ந்து குட்டைக்குள் இறங்கின. ஒருமுறை இந்தப் பக்கம் புரண்டன, ஒருமுறை அந்தப் பக்கம். விரால் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு மூலைக்கு ஓடியது. அங்கேயும் ஒரு பன்றி. இன்னொரு மூலைக்கு ஓடியது.

தலைமை உரை முடிந்து பாராட்டுரை வந்தது. பாராட்டுரை முடிந்து தீர்மானம் வந்தது. கால்வாயை உடனே திறப்பது என்று நூற்றிருபது பேரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டார்கள். காடே அதிர்ந்தது.

"உடனேன்னா எப்போ?" என்று கேட்டது ஒரு கிழ ஆமை.

பெரிய பன்றி கொட்டாவி விட்டது. "வெயில் ஏறிடுச்சேப்பா. குளிச்சது வேற உடம்பை அசத்துது. ரெண்டு நாள் போகட்டும், குழு ஒண்ணு போட்டுத் தேதி சொல்றோம்."

"நல்ல யோசனை!" என்றார்கள் எல்லாரும்.

கொண்டலாத்தி கிளையிலிருந்து இறங்கி வந்தது. "என் மாணவர்களிலேயே நீதான் முதல்! ஒருத்தர் நெரிசல்ல தள்ளலை, ஒருத்தர் வாடலை, ஒருத்தர் குறுக்கே பேசலை. இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை!"

அன்று சிரித்த மானே வந்து கீரியின் காதருகில், "அசத்திட்டே கீரி, போ!" என்றது. இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் கீரிக்கு அந்த ஒரு சொல்லில் தீர்ந்துபோயிற்று. கண்ணே கலங்கிவிட்டது.

"சரி, இப்போ கேள்வி நேரம்!" என்று திரும்பி, பெருமையாகக் குட்டையைப் பார்த்தது. "அக்கா, கேளுங்க!"

குட்டை இல்லை.

சேறு இருந்தது. பன்றிகள் எழுந்துபோன பள்ளங்கள் இருந்தன. ஒரு யானைக் கால்தடத்தில் மட்டும் கொஞ்சம் கலங்கல் தண்ணீர். அதற்குள் அத்தனை குஞ்சுகளும் கொதிக்கிற உலைபோலத் துள்ளிக்கொண்டிருந்தன. வெயில் படாமல் விரால் குறுக்கே விழுந்து கிடந்தது. கீரியைப் பார்த்தது.

கீரி ஓடியது. பலாசு இலை எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. கால்வாயில் பாய்ந்து முன்னங்கால்களால் மண்ணைப் பறித்தது. ஒரு பிடி வந்தது. இன்னொரு பிடி வந்தது. மேலேயிருந்து இரண்டு பிடி சரிந்து விழுந்தது. நகம் பெயர்ந்தது. அடைப்புக்கு அந்தப் பக்கம் ஓடைத் தண்ணீர் சலசலப்பது காதில் நன்றாகவே கேட்டது.

திரும்பிப் பார்த்தது. கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. புலி ஒரு பக்கம், மான் ஒரு பக்கம், நெரிசல் இல்லாமல், சொல்லிக்கொடுத்தபடி வரிசையாக.

"அண்ணே! பன்றியண்ணே! ஒரே ஒருத்தர் வாங்கண்ணே!" என்று கீரி கத்தியது. "யானைம்மா! ஆமை தாத்தா! யாராவது வாங்களேன்! ஒரு நாழிகை போதும், யாராவது வாங்களேன்!"

யாரும் திரும்பவில்லை.

எதைக் காப்பாற்றக் கூடுகிறோமோ அதையே செலவழித்துக் கூட்டம் நடத்துகிறவர், எத்தனை நேர்த்தியாக நடத்தினாலும், கெடுத்தவரே ஆவார்.