ஆளில்லாத் தீவின் கொத்தனார்

குழிமேடு எந்தப் பக்கம் இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "நாங்க இருக்கிற பக்கம்தான்" என்பார்கள். அதற்குமேல் விசாரித்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை. நாமும் அதோடு நிறுத்திக்கொள்வோம்.

அந்த ஊரில் பூமிநாதன் என்று ஒரு கொத்தனார் இருந்தான். சுத்தமான கை. அவன் எழுப்பிய சுவரில் தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தால் மயிரிழை விலகாது. அப்படிப்பட்டவன் எட்டு மாதமாக ஒரு செங்கல்லைத் தொடவில்லை. காலையில் எழுந்ததும் போனை எடுத்து, 'ஆளில்லாத் தீவு' என்ற விளையாட்டுக்குள் இறங்கி, அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்தான்.

அந்தத் தீவில் கட்டிய துணியோடு கரை ஒதுங்க வேண்டும். வேறு ஒன்றும் கிடையாது. வெறும் கையால் மரத்தைக் குத்த வேண்டும். ஏழு குத்தில் மரம் விழும். 'மரம் +3' என்று பச்சை எழுத்து எழும்பும். அந்த மரத்தில் கல்லைக் கட்டினால் கோடாலி. கோடாலியால் இன்னும் கொஞ்சம் மரம். அதைக்கொண்டு ஒரு பட்டறை. பட்டறையில் இன்னும் நல்ல கோடாலி. அந்த நல்ல கோடாலியை வைத்து என்ன செய்வது என்றால், இன்னும் கொஞ்சம் மரம். நடுவில் பசிக்கும், குளிரும், பொழுது சாய்ந்தால் கரடி வரும். சொந்த வீட்டில் ஒரு குடம் தண்ணீர் தூக்காத நான்கு பேர், அங்கே ஏரி வெட்டினார்கள்.

மற்ற மூன்று பேரில் மூத்தவன் தெய்வசிகாமணி. எதையும் யோசித்துத்தான் சொல்வான், சொன்னபிறகு யோசிக்க மாட்டான். அடுத்தவன் அந்தோணிராஜ், பலசாலி. மூன்றாமவன் வேம்பு, எல்லாவற்றுக்கும் சந்தேகம் கேட்பான். எந்தப் பதில் வந்தாலும் ஒப்புக்கொள்வான்.

பூமிநாதனுக்கு அதில் என்ன பிடித்தது என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வருஷமாகச் சுவர் எழுப்பியிருக்கிறான். ஒரு சுவராவது அவனைப் பார்த்து 'கூட்டல் ஒன்று' என்று சொன்னதில்லை. கட்டி முடித்ததும் வீட்டுக்காரர்கள் பால் காய்ச்சிக் குடிபோவார்கள். கொத்தனாரின் பெயர் சாந்து காய்வதற்கு முன்பே காய்ந்துவிடும். தீவில் அப்படியில்லை. குத்திய ஒவ்வொரு குத்துக்கும் பதில் இருந்தது.

அவன் வீட்டுக் கூரையில் ஓடு உடைந்து ஒரு பெரிய ஓட்டை. மழை வந்தால் நேரே கட்டிலில் இறங்கும். மனைவி மரகதம் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள்.

"அதை அடைச்சா சிக்னல் எப்படி உள்ளே வரும்?" என்றான் பூமிநாதன்.

ஒரு புதன்கிழமை நல்ல மழை. மரகதம் தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு சோறு வடித்தாள். வடித்து முடித்துவிட்டு அவன் எதிரே வந்து நின்றாள்.

"யோவ், அந்தத் தீவுல எனக்கு ஒரு இடம் இருக்கா?"

பூமிநாதன் நிஜமாகவே யோசித்தான். "ஒரு தீவுக்கு நாலு பேர்தான். வேம்பு விலகிட்டா நீ வரலாம். கேட்டுச் சொல்லவா?"

மரகதம் துணிமணிகளை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று சொன்னாள்: "எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். தலைக்கு மேல ஒழுகாத கூரை, எரியற அடுப்பு, படுக்க ஒரு கட்டில். இந்த மூணும் இருந்தா உன்கூட இருப்பேன். ஞாயித்துக்கிழமை அஞ்சு மணி பஸ்ஸுல வந்து பாப்பேன். இல்லைன்னா, அதே பஸ் திரும்பும்போது ஏறிடுவேன். அப்புறம் நீயாச்சு, உன் கரடியாச்சு."

பஸ் குழிமேட்டில் இருபது நிமிஷம் நின்றுதான் திரும்பும். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை என்பது பூமிநாதனுக்குத் தெரியும். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தீவில் மட்டும் இரண்டு மீன் சுட்டுச் சாப்பிட்டான்.

மறுநாள் பூமிநாதன் வீட்டில் நால்வர் சபை கூடியது.

"இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போடறே?" என்றான் தெய்வசிகாமணி. "இதுவரைக்கும் நாம எத்தனை வீடு கட்டியிருக்கோம்?"

"நாப்பத்திரண்டு. ஒரு கோட்டை, ரெண்டு பாலம்," என்றான் வேம்பு.

"அப்புறம் என்ன? முறைப்படி ஆரம்பிப்போம். முதல்ல மரம்."

பூமிநாதன் கொல்லைக்குப் போய்க் கோடாலியை எடுத்து வந்தான். தெய்வசிகாமணி அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"இது ஏதுடா?"

"எங்க அப்பா வாங்கினது, அண்ணே."

"நாம செஞ்சதா?"

"இல்லை."

"இரும்புக் கோடாலி எத்தனாவது நிலையில கிடைக்கும்?"

"ஒன்பதாவது," என்றான் அந்தோணிராஜ்.

"நாம இப்ப எத்தனாவதுல இருக்கோம்?"

"இன்னும் மரமே குத்தலையே. முதல்தான்."

"அப்ப இதைத் தொட்டா ஏமாத்து வேலை ஆயிடாதா? பொண்டாட்டி திரும்பி வர்ற காரியத்தை ஏமாத்து வேலையிலயா ஆரம்பிப்பே?"

பூமிநாதனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. கோடாலியைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டு வந்தான்.

அந்தோணிராஜ் தெருமுனைப் புளியமரத்தின் எதிரில் நின்று, முஷ்டியை மடக்கி, ஏழு குத்து குத்தினான். மரம் விழவில்லை. எட்டாவது குத்தில் அந்தோணிராஜ் விழுந்தான்.

"பச்சை எழுத்து வந்துதா?" என்று கேட்டான் வேம்பு.

"வரலை. கைதான் சிவப்பா வருது."

"இந்த மரத்துல ஏதோ கோளாறு," என்று தெய்வசிகாமணி தீர்ப்புச் சொன்னான். வியாழன் முழுக்க ஊரிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாகக் குத்தினார்கள். கடைசியில் ஒரு முருங்கைமரம் மனமிரங்கிக் கிளையொன்றைக் கொடுத்தது. அதில் கொடிக்கயிற்றால் ஒரு கல்லைக் கட்டினார்கள். முதல் வீச்சிலேயே கல் கழன்று பறந்து கூரையில் விழுந்தது. ஏற்கெனவே இருந்த ஓட்டையைச் சுற்றி இன்னும் எட்டு ஓடு நொறுங்கியது.

"ஓடு கூட்டல் எட்டு!" என்று கத்தினான் வேம்பு.

பசி விஷயத்திலும் சிக்கல். தீவில் திரையின் மூலையில் ஒரு கோடு குறைந்துகொண்டே வரும். அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். இங்கே கோடு இல்லாததால் பசிக்கிறதா இல்லையா என்று யாருக்கும் நிச்சயமில்லை. வேம்பு கரித்துண்டால் ஆளுக்கு ஐந்து கோடு கையில் போட்டுவிட்டான். வேர்வையில் கோடுகள் அழிந்தன. அந்தோணிராஜுக்கு வேர்வை அதிகம். ஒரே மத்தியானத்தில் நான்கு தடவை சாப்பிட்டான். பூமிநாதனுக்குக் கவலையில் வேர்க்கவேயில்லை. ஐந்து கோட்டோடு பட்டினி கிடந்தான்.

வெள்ளிக்கிழமை பெரிய கேள்வி வந்தது. ஓட்டையை அடைக்க நல்ல ஓடு வேண்டும். எங்கே போவது?

"தீவுல என்ன செய்வோம்?" என்றான் தெய்வசிகாமணி. "பழைய வீட்டைப் பிரிச்சா போட்ட சாமானெல்லாம் அப்படியே கைக்கு வரும். அதை வச்சுப் புதுசாக் கட்டுவோம்."

"ஓட்டையை அடைக்க முழு வீட்டையும் பிரிக்கணுமா, அண்ணே?" என்றான் வேம்பு.

"ஓட்டையை மட்டும் பிரிக்க முடியுமாடா?"

முடியாதுதான். வேம்பு ஒப்புக்கொண்டான்.

இரண்டு நாளில் வீடு தரைமட்டம். மண்சாந்தில் கட்டிய பழைய சுவர், தள்ளினால் வந்துவிட்டது. வந்ததையெல்லாம் பைக்குள் போட வேண்டும் அல்லவா? மரகதத்தின் மஞ்சள்பையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, நான்கு பேரும் உத்திரத்தை அதற்குள் நுழைத்துப் பார்த்தார்கள். தீவில் இதே மாதிரி பையில் ஒரு காடே போகும்.

பக்கத்து வீட்டுச் செங்கமலம் இடுப்பில் குடத்தோடு நின்று பார்த்தாள். "ஏன்டா, கூரையில ஓட்டைன்னுதானே மரகதம் அழுதா? இப்ப ஓட்டைக்குக் கூரையே இல்லாமப் பண்ணிட்டீங்களே!"

"அப்ப ஓட்டை போயிடுச்சுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க இல்லே, அக்கா?" என்றான் தெய்வசிகாமணி. குடத்துத் தண்ணீரில் பாதி அங்கேயே சிந்திப்போயிற்று.

அடுத்தது அடுப்பு. மரகதம் வெறுமனே அடுப்பு என்று சொல்லவில்லை. எரிகிற அடுப்பு என்றாள். ஆகவே அது எரிந்துகொண்டே இருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் பற்றவைத்தது. ஜன்னல் சட்டம் போயிற்று. நிலைக்கதவு போயிற்று. வீட்டில் இரண்டு கட்டில் இருந்தன. 'ஒரு கட்டில்' என்று அவள் திட்டமாகச் சொல்லியிருந்ததால் இன்னொன்றை உடைத்து உள்ளே வைத்தார்கள். அடுப்பு ஜோராக எரிந்தது. மேலே ஏதாவது வைத்துச் சமைக்கலாமா என்று வேம்பு கேட்டான்.

"அவ சொன்னாளா?" என்றான் பூமிநாதன்.

சொல்லவில்லை. விட்டுவிட்டார்கள்.

ஞாயிறு விடிந்ததும் கட்டில், அடுப்பு, கல், ஓடு, சாந்து எல்லாவற்றையும் நடுவில் குவித்துக்கொண்டு, தாங்களும் நடுவில் நின்றுகொண்டு சுவரை ஆரம்பித்தார்கள். தீவில் அதுதான் வழக்கம். வெளியே நின்று கட்டுகிறவனைக் கரடி பிடித்துக்கொள்ளும்.

எட்டு மாதத்துக்குப்பின் பூமிநாதன் சாந்துக் கரணையை எடுத்தான். முதல் கல்லை வைத்துத் தட்டினான். இரண்டாவது. மூன்றாவது. கை தன் பாட்டுக்கு எழுந்து தன் பாட்டுக்குத் தாழ்ந்தது; சாந்து சொன்னபடி கேட்டது. பச்சை எழுத்து எதுவும் எழும்பவில்லை. வரிசை மட்டும் எழும்பியது. பூமிநாதன் எதனாலோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். புகையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். உடனே, புகை போக ஒரு சாண் அகலத்துக்கு மார்பளவில் ஒரு ஓட்டை விட்டான்.

நாலரை மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று கூரையில் கடைசி ஓடு ஒன்றைச் செருகினான். எட்டடிக்கு எட்டடி. நான்கு சுவர், ஒழுகாத கூரை, எரிகிற அடுப்பு, ஒரு கட்டில், நான்கு ஆண்கள். கதவு அடுப்பில் இருந்தது.

ஐந்து மணிக்குப் பஸ் வந்தது. சிறிது நேரத்தில் செருப்புச் சத்தம். பிறகு சத்தம் நின்றது. சுவரை யாரோ தடவுகிற மாதிரி இருந்தது.

"யோவ்... இது நீ கட்டினதா?" மரகதத்தின் குரல் இளகியிருந்தது.

"நான்தான் மரகதம்! வந்து பாரு. மூணும் இருக்கு!"

செருப்புச் சத்தம் வீட்டைச் சுற்றியது. மறுபடி சுற்றியது.

"கதவு எங்கேய்யா?"

உள்ளே நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூரை, அடுப்பு, கட்டில். கதவைப் பத்தி நீ பேச்சே எடுக்கலையே, தங்கச்சி," என்று தெய்வசிகாமணி ஓட்டை வழியாகப் பணிவாகச் சொன்னான்.

"அண்ணே, நீங்களுமா உள்ளே இருக்கீங்க? எத்தனை பேருய்யா இருக்கீங்க?"

"நாலு பேர்தான்," என்றான் வேம்பு.

"நான் எப்படி உள்ளே வர்றது? இடிச்சு வழி விடுங்க!"

"இடிக்கலாம்," என்றான் அந்தோணிராஜ், வீங்கிய கையை மடக்கியபடி.

"இடிச்சாக் கூரை விழும். கூரை விழுந்தா மூணுல ஒண்ணு குறையும். ஒண்ணு குறைஞ்சா அவ போயிடுவா," என்றான் பூமிநாதன். எட்டு மாதத்தில் அவன் சொன்னவற்றில் இதுதான் மிகத் தெளிவான பேச்சு. மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

பஸ் முதல் ஹாரன் அடித்தது.

"யோவ், கடைசியாக் கேக்கறேன்..."

"இரு இரு, மரகதம்! வழி கிடைச்சிடுச்சு!" பூமிநாதன் ஓட்டையில் வாயை வைத்தான். "நீ நின்ன இடத்தை விட்டு நகராதே. இந்தச் சுவரை ஒட்டி உன்னைச் சுத்தி ஒரு சுவர் எழுப்பிட்டா நீயும் உள்ளே ஆயிடுவே."

"யாரு எழுப்பறது? நீங்கதான் வெளியே வர முடியாம நிக்கிறீங்களே!"

"கல்லை நான் ஒண்ணொண்ணா ஓட்டை வழியாத் தர்றேன். நீ கட்டு. ஒண்ணும் கஷ்டமில்லை. மட்டம் மட்டும் பாத்துக்கோ."

வெளியிலிருந்து பதில் வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டான்.

மிச்சமிருந்த செங்கல்லில் ஒன்றை எடுத்து ஓட்டை வழியே நீட்டினான். வாங்கிக்கொண்டாள் போலிருந்தது, வெளியே தொப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது கல். தொப். மூன்றாவது. தொப்.

"வேகமா வைக்கிறாளே!" என்றான் வேம்பு.

"யாரு பொண்டாட்டி?" என்றான் பூமிநாதன்.

பஸ் மறுபடி ஹாரன் அடித்தது, உறுமியது, கிளம்பியது. அதன் ஜன்னலோரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு சாண் ஓட்டை போதாது. சத்தம் தேய்ந்து அடங்கியதும் தெய்வசிகாமணி பூமிநாதனின் முதுகில் தட்டினான்.

"பஸ் போயிடுச்சுடா. அவ ஏறலை."

"எப்படி அண்ணே தெரியும்?"

"இன்னும் கல்லு வைக்கிற சத்தம் கேக்குதே."

பூமிநாதன் இன்னொரு கல்லை நீட்டினான். தொப். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதம் தீவில் கிடந்தவனுக்காக ஒருத்தி மண்ணில் முட்டி போட்டுச் சுவர் கட்டுகிறாள்.

மிச்சக் கல் தீர்ந்தது. இடிக்கக் கூடாது, ஆனால் ஒவ்வொன்றாக உருவிக் கொடுப்பது இடிப்பதில் சேராது என்று தெய்வசிகாமணி விளக்கினான். ஓட்டையைச் சுற்றியிருந்த கற்களைப் பூமிநாதன் உருவினான். சாந்து ஈரமாகத்தான் இருந்தது, வலிக்காமல் வந்தது. ஓட்டை முழங்கை அகலமாயிற்று, ஆளகலமாயிற்று, அந்தப் பக்கத்துச் சுவரே இல்லாமல் போயிற்று. கூரையை உத்திரம் எப்படியோ தாங்கிக்கொண்டது. கடைசிக் கல்லோடு நான்கு பேரும் வெளியே வந்து நின்றார்கள்.

எதிரில் செங்கல் குவியல் இடுப்பளவு கிடந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை.

பூமிநாதன் குனிந்து, கோணலாகக் கிடந்த ஒரு கல்லை நேராக்கி வைத்தான்.

"மட்டம் பாக்கச் சொன்னேனே," என்றான் பூமிநாதன் மெதுவாக.

"ஆளைக் காணோமே," என்றான் அந்தோணிராஜ்.

"வெளியே காணோம்னா என்ன அர்த்தம்?" என்றான் தெய்வசிகாமணி. "கட்டி முடிச்சு உள்ளே போயிட்டா."

வேம்பு குவியலைச் சுற்றி வந்தான். "அண்ணே, இதுலயும் கதவு இல்லையே?"

"நம்மகிட்டதானே கத்துக்கிட்டா."

பூமிநாதன் சட்டையை உதறி, தலையைக் கோதி, குவியலின் எதிரே போய் நின்றான். மேலே கிடந்த கல்லில் விரலை மடக்கி மூன்று தரம் தட்டினான்.

"மரகதம், நான்தான். உள்ளே எனக்கு ஒரு இடம் இருக்கா?"